மெசின் ரூம் வாசலில்

7-1-86

அல்லிக்கு வேலை உயருகிறதாம். என் பேத்தி மெட்ராஸ் ரயில்வே ஆபீசில் மூன்று வருஷமாக அட்டையில் ஓட்டை போடுகிறாள். அத்தனை பேர் சம்பளக் கணக்கும் அந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறதாம். எப்படி என்று கேட்டேன், சொன்னாள், புரியவில்லை. இனி அந்த அட்டையைத் தின்கிற கம்ப்யூட்டரையே நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். எங்கள் ஊர் நெடுங்காடு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

16-1-86

பொங்கலுக்கு வந்தவள் என் ஓரகத்தி செல்லம்மாவிடம் வாயை விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் இருக்கிற மெசின் ரூமுக்குள் செருப்பு கூடாதாம், வாசலிலேயே கழற்ற வேண்டுமாம். செல்லம்மா சும்மா இருப்பாளா? என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்: "மெட்ராசுக்குப் போயும் செருப்பு வெளியிலதானாடி?"

சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

17-1-86

எனக்கு எதுவும் மறப்பதில்லை. கல்யாணமான வருஷம் என் வீட்டுக்காரர் சுப்ராயன் புதுச் செருப்போடு மேலத் தெருவில் நடந்தார். மிராசு சொக்கநாதன் அதைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை போகச் சொன்னான். போனார். சாகும்வரை அப்புறம் செருப்பே போடவில்லை. நானும் போட்டதில்லை. அல்லிக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தேன் — அதையா இவள் கழற்றப் போகிறாள்?

அல்லியிடமே கேட்டுவிட்டேன்.

"தூசி அப்பாயி. தூசி பட்டா மெசின் நின்னுடும்."

"அந்த மிராசு எங்களையும் அழுக்குன்னுதான் சொன்னான்."

"அங்க எல்லாருந்தான் கழட்டுறாங்க. பெரிய ஆபீசரும்."

"நீ பாத்தியா?"

"நான் இன்னும் அந்த ரூமுப் பக்கமே போவலயே."

பார்க்காததை எப்படி நம்புகிறாள்? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றேன். மாசக் கடைசிக்குள் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அழுதாள். போகட்டுமே.

19-1-86

பஸ் ஏறும்போது போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

22-1-86

தூசி என்றால் காலைத் துடைத்துக்கொண்டு போகக் கூடாதா? அந்தப் பெட்டி சாமியா, மிராசா? நான் சொன்னது சரியா, தப்பா? ஒன்றும் ஓடவில்லை.

28-1-86, மெட்ராஸ்

என் கண்ணால் பார்க்காமல் ஆறாது. மகன் முத்தையனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மெசின் ரூம் வாசலில் வரிசையாகச் செருப்பு, கல்யாண வீடு மாதிரி. எனக்குக் கழற்ற ஒன்றுமில்லை. வாசல்காரர் மதார் சாகிப் முக்காலி போட்டார்.

உட்கார்ந்தே இருந்தேன். நெட்டையாய் ஒருத்தர் பூட்சோடு வந்தார். மதார் சாகிப் எழுந்துவிட்டார். இவன் கழற்றுகிறானா பார்ப்போம் என்று அவர் காலையே பார்த்தேன். அந்த ஆள் குனிந்தார். கயிற்றை அவிழ்த்தார். காலுறையில் ஓட்டை, கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பூனை மாதிரி உள்ளே போனார்.

"இவருக்கு மேல இங்க ஆளு கிடையாதும்மா."

"அவரு கழட்ட மறந்துட்டா?"

"உள்ள டூட்டியில இருக்கறவங்க, வெளிய போங்க சார்னு விரட்டிடுவாங்க. இனிமே அது ஒங்க பேத்தி வேலதான்."

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

சாயங்காலம் அல்லியிடம், சேர்ந்துக்கடி என்றேன். ஏன் அப்பாயி மனசு மாறுன என்றாள்.  அந்தக் காலுறை ஓட்டையைப் பற்றிச் சொன்னேன்.

5-5-88

அல்லிக்கு மறுபடியும் உயர்வு. ஸ்டேஷனில் டிக்கெட் அடிக்கும் பெட்டி நின்றுபோனால் இப்போது அவளைத்தான் தேடுகிறார்களாம். நின்ற பெட்டியிடம் என்னதான் பேசுவாளோ, இன்னமும் எனக்குப் புரியவில்லை. உயர்ந்த சம்பளம் முதல் தடவை வந்ததும் எனக்குச் செருப்பு வாங்கி அனுப்பியிருக்கிறாள்.

போட்டுக்கொண்டு மேலத் தெரு வழியாகப் போனேன். சொக்கநாதன் மகன் வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான், காலைப் பார்த்தான், கையிலிருந்த செம்புத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு உள்ளே போனான்.

செருப்பு நன்றாகக் கடித்தது. தெருமுனை தாண்டித்தான் கழற்றினேன்.