அடுத்தவருக்கு விட்ட ஒரு நிமிடம்

அன்புத் தம்பி நூனோ,

இதை நீ வாசிக்கப்போவதில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நம்புகிறவளும் நானில்லை. உன் அம்மா போர்த்துக்கலில் ஏழாம் நாள் பூசையைச் செய்துவிட்டார். முப்பத்தோராம் நாள் எங்கள் பங்கு. அதற்கு அச்சிடும் நினைவு மலரில் ஒரு பக்கம் அக்காவுக்கு என்று உன் மனைவி வானதி சொல்லிவிட்டாள். ஒப்பாரி எனக்கு எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் உன் பாட்டுக்கு ஆடியவர்கள். அப்போது நீ இங்கே பீல் நகரில், மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், என் தங்கை வானதிக்கு அடுத்த மேசையில் வேலை செய்தாய். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எல்லாக் கொண்டாட்டத்துக்கும் பாட்டுப் போடும் டீஜே நீதான்.

மண்டபத்துக்குப் பொறுப்பான அண்ணை ஒவ்வொரு முறையும் ஓடி வருவார். "தம்பி, சத்தத்தைக் குறையும்! பொலிஸ் வந்தா நீரோ பதில் சொல்லுறது?"

"ஓம் அண்ணை, குறைச்சாச்சு."

நீ சத்தத்தைக் குறைப்பதில்லை. அடித்தாளத்தை மட்டும் எடுத்துவிடுவாய். அண்ணை திருப்தியோடு கதவடிக்குப் போனதும் தாளம் திரும்ப விழும். பிள்ளைகள் கத்துவார்கள்.

பிறகு நீ சொந்தமாக இசை செய்யத் தொடங்கினாய். அந்த இசை வகைக்கு ஹவுஸ் என்று பெயர் என்றாய். எனக்கு அது நிற்காமல் போகும் ஒரே அடியாகத்தான் கேட்டது. லொசான் நகரில் ஒரு சிறு நிறுவனம் உன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அடுத்த கோடையில் அதை லிஸ்பனிலும் ஸ்பெயின் கடற்கரைகளிலும் போட்டார்கள். நீ தொழிற்சாலையை விட்டாய். வெள்ளிக்கிழமை விமானம் ஏறி, திங்கட்கிழமை வீங்கிய கண்களோடு வந்து சோறு கேட்பாய். சில வருடங்களில் ஆட்களின் ரசனை மாறியது, அழைப்புகள் குறைந்தன. நீ அரைநாள் வேலைக்கு அதே மேசைக்குத் திரும்பினாய். அதில் உனக்கு வெட்கம் இருந்ததா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

ஒருமுறை லொசானுக்கு நீ பாட்டுப் போடுவதைப் பார்க்க வந்து, காதில் பஞ்சோடு இருந்துவிட்டுப் பாதியில் கிளம்பினேன். மறுநாள் கேட்டாய்.

"எப்பிடி அக்கா?"

"ஒரே சத்தம்."

"ஓம் அக்கா. அதுதானே என்ர தொழில்."

உன் இதயம் நின்று மூன்று வாரமாகிறது. நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன். அழுகை வரவில்லை. வானதி தமிழைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. தொழிற்சாலையிலிருந்து யாராவது அழைத்தால் தொலைபேசியை என்னிடம் நீட்டுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு இசை செய்யும் கூட்டாளி தியாகோ வந்திருந்தான். நீ கடைசியாகச் செய்துகொண்டிருந்த பாட்டை உங்கள் குசினியில் வைத்துப் போட்டான். நன்றாகத்தான் போனது. ஒரு இடத்தில் கத்தரித்ததுபோல நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்டது.

"அந்த நேரம் நான்தான் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டனான்," என்றாள் வானதி.

லொசான் நிறுவனம் இதை வெளியிடக் கேட்கிறது, பாட்டின் முடிவுப் பகுதியை நானே செய்து தருகிறேன் என்று தியாகோ பிரெஞ்சில் சொன்னான். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒருத்தரும் தொடக்கூடாது. அவர் விட்ட இடத்திலேயே நிக்கட்டும்," என்றாள் வானதி.

"அப்படி விட்டால் எந்த டீஜேயும் இதைப் போடமாட்டான்," என்றான் அவன். "இது இந்த மேசையிலேயே செத்துப்போகும்."

ஏன் என்று நான் கேட்டேன். இந்த இசையில் பாட்டு முடிந்த பிறகும் வெறும் தாளம் கொஞ்ச நேரம் ஓட வேண்டுமாம். அந்தத் தாளத்தின் மேல்தான் டீஜே அடுத்த பாட்டை மெல்ல ஏற்றுவாராம். அந்த இடம் இல்லையென்றால் ஆட்டம் அறுந்துவிடும்.

"மற்றவர்கள் அரை நிமிடம் விடுவார்கள், கஞ்சர்கள். நூனோ ஒரு நிமிடத்துக்கு மேலே விடுவான். அடுத்தவன் பதறாமல் வரட்டும் என்பான்," என்றான் தியாகோ.

நான் வானதிக்குத் தமிழில் சொல்லி முடித்தேன். அவள் எழுந்து தேநீர்க் கோப்பையைக் கழுவினாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள்.

"அக்கா, கேளுங்கோ. அவர் எல்லாப் பாட்டிலயும் அப்பிடி விட்டவரோ?"

கேட்டேன். எல்லாவற்றிலும் என்றான் தியாகோ.

"அப்ப இதிலயும் விடச் சொல்லுங்கோ. வேறையொண்டும் சேர்க்கப்படாது. வெறும் தாளம் மட்டும்."

தியாகோ முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். வானதி அவனுக்குச் சோறு போட்டாள்.

நூனோ, ஒரு மனிதன் தன் பாட்டின் கடைசியில் வேறொருவருக்கு இடம் வைத்துவிட்டுப் போவான் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பின்னால் அசையுமோ என்னவோ.

அந்தப் பாட்டை லொசானில் முதன்முதலாகப் போடும் நாளில் வானதியைக் கூட்டிக்கொண்டு வருவேன். காதில் பஞ்சு வைக்கமாட்டேன். உன் தாளம் தனியாக ஓடும் அந்த ஒரு நிமிடமும் அங்கேயே நிற்பேன். முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பாட்டு அதன்மேல் ஏறி வந்து, உன்னுடையது எதுவென்று பிரித்தறிய முடியாமல் போகும்வரை நிற்பேன்.

உன் மனைவிக்கு அக்கா, அதனால் உனக்கும் அக்கா,
பவானி