இருபத்து மூன்றாம் இடம்

இரும்புலியூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள பிரிட்டோ,

உன் உடம்பைப் பற்றி ஜோசலின் போனில் சொன்னாள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றால், வேலைக்குப் போகிறவனைப் போல நீ நேரம் பார்த்துக் கிளம்பவேண்டியிருக்கும். இப்போது உனக்கு எதிர்முனைப் பேச்சு சரியாகக் கேட்பதில்லையாம். நான் சொல்லவேண்டியதை உன் மகளைக் கத்திச் சொல்லவைக்க மனமில்லாததால் எழுதுகிறேன். இதை நாலுமுறை எழுதிக் கிழித்தேன்.

இங்கே மெட்டில்டாவுக்கு இடது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்தது. என் சட்டையில் இருக்கும் கறைகள் எல்லாம் இப்போது அவளுக்குத் தெரிகின்றன. முடிச்சூரில் வெள்ளத்துக்குப் பிறகு நீ விற்றுவிட்டுப் போன வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள்.

நம் கால்பந்துக் கழகத்தைப் பற்றித்தான் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க இப்போது ஏழு பேர் வருகிறோம். சுவரில் அறுபத்து நாலு எண்கள் இன்னும் இருக்கின்றன. மரநிழலில் நின்று ஆட்டம் பார்க்க நடந்த சண்டையை நிறுத்த, ஆளுக்கோர் இடம் என்று நீ யோசனை சொன்னாய், நான் அட்டையில் எண்களை வெட்டி மேற்குச் சுவரில் வண்ணம் அடித்தேன். ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்கக் கூடாது என்று விதியும் எழுதினோம். முதலில் அது டீ குடிக்கப் போனவருக்காக. பிறகு மாற்றலாகிப் போனவருக்காக. அதன்பின் இறந்தவர்களுக்காகவும் ஆயிற்று. யாரும் அதை முடிவு செய்யவில்லை, சவுரிமுத்துவின் இருபத்து நாலில் போய் நிற்க யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஏழு பேரும் சுவர் நெடுக ஆளுக்கொரு மூலையில் நிற்கிறோம். பக்தவச்சலம் ஐம்பத்தெட்டு, நான் இருபத்திரண்டு. போன மாதம் கோல் விழுந்ததும் அவர் எனக்கு போன் செய்து, “இன்னா வாத்தியாரே, ஆஃப்சைடா? உன்னாண்ட கேக்கறதுக்கே ரீசார்ஜ் பண்ணணும் போல கீதே” என்றார். நீ இருந்தபோது லைன்ஸ்மேனைப் பார்த்து, “கொடியத் தூக்கத் தெரியலன்னா துணி காயப் போடுய்யா” என்று கத்துவாய், சுவரே சிரிக்கும். இப்போது யாராவது கத்தினால் லைன்ஸ்மேன் திரும்பி முகத்தைப் பார்க்கிறார். அந்தக் கூச்சத்தில் யாரும் கத்துவதில்லை.

இந்த வருடம் நமக்கு நல்ல கோல்கீப்பர் கிடைத்தான். கதிரேசன் என்று பெயர், மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு அவன் அம்மா கிளியம்மாள் ஆட்டம் பார்க்க வந்தார். ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். ஒயர்கூடையோடு வந்து என் பக்கத்தில், உன் இருபத்து மூன்றில் நின்றார்.

பதினைந்து நிமிடம் ஆட்டத்தைப் பார்த்தேன். பிறகு, அது பிரிட்டோ என்பவரின் இடம் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்து நாலுக்கு நகர்ந்து, “இதுக்கும் ஆள் கீதா சார்?” என்று கேட்டார். இருந்தார், காலமாகிவிட்டார் என்றேன். அடுத்ததற்கும் கேட்டார், அதற்கும் சொன்னேன். கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லியே முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பிழைத்தவன் நான். எட்டு இடம் நகர்ந்தபின் அவர் நின்றுவிட்டார். “இன்னா சார் இது, செத்தவங்களுக்கெல்லாம் எடம் கீது. புள்ள ஆடறதப் பாக்க வந்தவளுக்கு இல்லியா?” என்றார். தண்ணீர்த் தொட்டி தாண்டி, எண் இல்லாத வெயிலில் போய் நின்றார். இடைவேளையில் பார்த்தேன், அங்கே இல்லை.

அவரைத் திரும்பக் கூப்பிட எனக்கு இருபது நிமிடம் இருந்தது. இந்த வயதில் எதையாவது மாற்றிச் செய்தால் தவறாகிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆட்டம் முடிந்ததும் கதிரேசன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “எங்கம்மா எங்க சார்?” என்று கேட்டான். போய்விட்டார்கள் என்றேன். வீட்டில் தெரிந்துகொண்டிருப்பான். அடுத்த ஞாயிறு முதல் வரவில்லை. பொழிச்சலூர் அணியில் கூப்பிடுகிறார்களாம், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டுமாம். அவன் இல்லாமல் பின்வரிசையில் ஆடுகிறவனை கோலில் நிறுத்தி ஆறு கோல் வாங்கினோம். இன்னும் இரண்டு ஆட்டம்தான் இருக்கிறது. இரண்டிலும் தோற்றால் லீக்கிலிருந்து நம் பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் திரும்பச் சேர்க்க இங்கே ஓடியாட ஆளில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதல்முறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். மறுமுறை அவரே பார்த்துவிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இருபத்து மூன்றில் நீங்களே நில்லுங்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, “அந்த எடத்துக்காரரு ஒத்துக்கினாரா?” என்றார். நானே சொல்கிறேனே என்றேன். “நீ சொன்னா எப்பிடி சார்? நாளிக்கு அவரு வந்து நின்னா நான் மறுபடியும் கூடையத் தூக்கணும். அவரையே கேட்டுனு வா. அவரு வாயால சொன்னா வரேன், புள்ளையையும் கூட்டினு வரேன்.”

நீ சம்மதித்துவிட்டாய் என்று அங்கேயே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இல்லை, பெயின்ட் வாங்கி எண்கள் எல்லாவற்றையும் நானே அழித்திருக்கலாம். ஏழு பேரும் நிழலில் ஒன்றாக நின்றிருப்போம், புதிதாக வருகிறவர்களும் நின்றிருப்பார்கள். கிளியம்மாளுக்கு முன்னால் இப்படி எத்தனை பேரை மரியாதையாகத் திருப்பி அனுப்பினேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கூட்டம் குறைகிறதே என்று உனக்கு எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்.

தபால்தலை ஒட்டி, என் முகவரி எழுதிய உறை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். இருபத்து மூன்றில் கிளியம்மாள் நிற்கட்டும் என்று ஒரு வரி எழுது. கை நடுங்கினாலும் உன் கையெழுத்திலேயே இருக்கட்டும், அவருக்குக் காட்டவேண்டும். இருபத்தெட்டாம் தேதிக்குள் எனக்குக் கிடைத்தால் போதும்.

மூன்று வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும், “டிசம்பரில் வந்துவிடுவேன், இடத்தைப் பார்த்துக்கொள்” என்று எழுதுகிறாய். இந்த ஒருமுறை மட்டும் அதை எழுதிவிடாதே, பிரிட்டோ. எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

வலி இல்லாத இரவுகளையும் நல்ல தூக்கத்தையும் கர்த்தர் உனக்குத் தரட்டும்.

உன்
தேவானந்தம்