தாய்ச்சி என்று சொல்லிவிட்டுப் போன வகுப்பு

மார்ச் 4, செவ்வாய்

மெதுவாக அசைந்து செய்கிற தாய்ச்சிப் பயிற்சி வகுப்பில் இடம் இல்லை. விசிறி நடனத்திலும் இல்லை. பண்பாட்டு நிலையத்துக் கவுண்டரில் இருந்த பெண் கணினியை மேலும் கீழும் உருட்டிவிட்டு, "ஒண்ணே ஒண்ணுலதான் இடம் இருக்கு அக்கா. உங்களுக்குச் சரிப்படுமான்னு தெரியல" என்றாள். என்ன என்று கேட்டேன்.

"குடிகாரக் குத்து."

ஐம்பத்தாறு வயது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. குடிகாரன் மாதிரி தள்ளாடிச் சண்டை போட நான் கற்பதா? சிரித்துவிட்டு வெளியே வந்தேன். படியில் இன்னும் பனிக்கட்டி. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். ஜனவரியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் விரிசல் கண்டதிலிருந்து இப்படித்தான் நடக்கிறேன். மூன்றாம் படியில் நின்றேன். திரும்பி ஏறிப் போய், "அதுல விழச் சொல்லிக் குடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"பாதி நேரம் விழறதுதான் அக்கா பாடமே."

பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் என் புருஷன் லுவானிடம் தாய்ச்சி என்று சொன்னேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன பொய்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அவர் என்னிடம் சொன்னது — சரி, விடு.

மார்ச் 8, சனி

டீச்சர் சின்னப் பெண். சு மின்லான், இருபத்தேழு வயது. காலையில் நீச்சல் குளத்தில் உயிர்காப்பு வேலை, மாலையில் நாங்கள் ஆறு பேர்.

"கையில கிண்ணம் இருக்கு. கிண்ணத்துல சாராயம் இருக்கு. சிந்தக் கூடாது" என்றாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிண்ணம் பிடித்த மாதிரி வளைத்து, மற்றதை மடக்க வேண்டும். அந்த இரண்டு விரல்தான் எதிராளியின் தொண்டைக்குப் போகும்.

எட்டுச் சித்தர்கள் குடித்துவிட்டு ஆடிய ஆட்டம் இது என்பார்கள். ஒவ்வொரு சித்தருக்கும் ஒரு நடை. எட்டுப் பேரில் ஒருத்திதான் பெண். இடுப்பை ஒடித்து, கண்ணைச் சொருகி ஆடுவாள். கூடக் கற்கிற பல் டாக்டர் மூ, "அக்காவுக்கு அந்த அம்மாதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எனக்கு நொண்டிச் சித்தர் போதும் டாக்டர். ஏற்கெனவே பாதி கத்தாச்சு" என்றேன்.

விழுவதில் மட்டும் தோல்வி. டீச்சர் என்னைத் தூக்கிவிட்டு, "அத்தை, நீங்க ஆள் மாதிரி விழல. பீரோ மாதிரி விழறீங்க" என்றாள்.

மார்ச் 9

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

லுவான் குடியை விட்டு இன்றோடு பதினெட்டு மாதம். கணையம் வீங்கி, இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, "அடுத்த கிண்ணம்தான் உங்க கடைசிக் கிண்ணம்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தொடவில்லை. அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் குடிக்காத லுவானோடு குடித்தனம் நடத்துவது தனிக் கலை.

மீன் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். வெளியூர் வியாபாரி வந்தால் மதிய விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஈடுகொடுத்துக் குடிக்க வேண்டும். அதுதான் உத்தியோகம் என்பார். மேசைத் தலைவர் மூன்று சுற்று கிண்ணம் தூக்குவார், துணைத் தலைவர் மூன்று சுற்று, அப்புறம் ஆளுக்கு ஆள். இப்போது அந்தச் சிரத்தை முழுவதும் தேநீரில் இறங்கியிருக்கிறது. தண்ணீருக்குள் வெப்பமானி வைக்கிறார். ஆப்பிள் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவி என்னிடம் காட்டுகிறார். நான் பாராட்ட வேண்டும்.

இன்று, "தாய்ச்சியில பின்னாடி ஏன் கன்னிப்போவுது?" என்று கேட்டார். சமாதானமாக ஏதோ உளறினேன்.

ஏப்ரல் 12, சனி

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

டீச்சர் எங்களை ஒவ்வொருவராக நடக்கச் சொன்னாள். டாக்டர் மூ நாடகக் குடிகாரன் மாதிரி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய்வந்தார். எல்லாரும் அப்படித்தான். டீச்சர் தலையாட்டினாள். "உடம்புதான் குடிச்சிருக்கணும். மனசு முழிச்சிருக்கணும். எல்லாரும் மனசால தள்ளாடறீங்க."

என் முறை. யோசிக்கவே இல்லை. கால் தானாகப் போனது. தள்ளாடவில்லை. நேராக நடந்தேன் — ரொம்ப நேராக. பரீட்சை மண்டபத்துக்குள் நுழைகிற பையன் மாதிரி முகம். ஒவ்வோர் அடியையும் தரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தேன். தோள் மட்டும் அரை நொடி பின்தங்கி வந்தது. கடைசியில் சுவரோரம் இருந்த நாற்காலியைப் பெரிய மனிதருக்கு வழிவிடுகிற மாதிரி மரியாதையாகச் சுற்றிப்போனேன்.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர், "இதுதான்" என்றாள். "குடிச்சவன் தள்ளாட ஆசைப்பட மாட்டான். நேரா நிக்கத்தான் பாடுபடுவான். அத்தை, யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"பஸ்ல பாத்திருக்கேன்" என்றேன்.

நான்கு மணிக்கு விருந்து முடிந்து வீட்டுக்கு வருகிற லுவானை அப்படியே நடந்து காட்டியிருக்கிறேன். வருஷக்கணக்காக ஜன்னலில் நின்று பார்த்தது. உடம்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறது.

மே 10, சனி

விழ வந்துவிட்டது. முழங்கால் மடங்கி, இடுப்பு, தோள், உருளல். மூட்டை பிரிந்து மாவு கொட்டுகிற மாதிரி. மூன்று முறை விழுந்து மூன்று முறையும் சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். லுவான் வாசலில் நின்று சாவி தேடுவார்: வலது பாக்கெட், இடது பாக்கெட், நெஞ்சு, மறுபடி வலது. சாவி எப்போதும் கையிலேயே இருக்கும். அதை நான் செய்ததும் டீச்சர் துள்ளிவிட்டாள். "தட்டறது தடுப்பு. நெஞ்சுக்கு வந்த கை அப்படியே எதிராளி தொண்டைக்கு." இப்போது ஆறு பேரும் வரிசையாக நின்று என் புருஷன் சாவியைத் தேடுகிறோம்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அன்றைக்கெல்லாம் அந்தக் கதவுக்கு உள்பக்கம் நின்று நான் சிரித்தேனா? எங்கள் மகள் யாவென் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். படிப்பு முடிந்ததும் சிங்தாவ் நகரத்தில் வேலை தேடிக்கொண்டு போனவள். இரண்டு மணி நேர ரயில். பெருநாளுக்கு வந்தாலும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்குவதில்லை.

பழி வாங்குகிறேனா? அப்படித் தோன்றவில்லை. ஆனால் பழி வாங்குகிறவர்களுக்கும் அப்படித் தோன்றாது.

ஜூன் 14, சனி

மாட்டிக்கொண்டேன்.

மழை. எனக்குக் குடை கொண்டுவந்திருக்கிறார். நல்ல மனுஷன். நான் முழு ஆட்டத்தையும் ஆடி, விழுந்து, எழுந்து, சாவியைத் தேடி முடித்துத் திரும்பினால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் லுவான். கையில் இரண்டு குடை. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

ஒரு குடையை விரித்து என் கையில் கொடுத்தார். கடற்கரைச் சாலை திரும்பும்போது, "தாய்ச்சி ரொம்ப மாறிப்போச்சு" என்றார்.

ஜூன் 15

பேசவில்லை.

ஜூன் 16

தனக்கு மட்டும் நூடுல்ஸ் வேகவைத்துச் சாப்பிட்டார். பாத்திரத்தைக் கழுவி வைத்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

இன்று வாயைத் திறந்தார். சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"நான் நேராத்தான் நடக்கறேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"நேராத்தான் நடந்த. அதுலதான் தெரியும்."

"உனக்கு மட்டுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு விரல் பாக்கி இருந்தது. "தெருவுக்கே தெரியும் கிழவா. நீ வாட்ச்மேன் கூண்டுக்கு வணக்கம் வைப்ப. உள்ள ஆளே இருக்காது."

சிரிப்பார் என்று நினைத்தேன்.

"யாவென்னுக்கு?"

நான் பூண்டைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

முப்பது வருஷமும் யாருக்கும் தெரியாது என்று நம்பியிருக்கிறார். மற்றவர்கள் வாந்தி எடுப்பார்கள், சண்டை போடுவார்கள். லுவான் மட்டும் கௌரவமாகக் குடித்து, கௌரவமாக வீடு திரும்பியவன் என்று. பிடித்துக்கொள்ள அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைப் பண்பாட்டு நிலையத்தில் ஐந்து பேரோடு சேர்ந்து ஆடிக் காட்டிவிட்டேன். சீ.

ஜூன் 20, வெள்ளி

டீச்சருக்குப் போன் செய்தேன். முழங்கால் வலி, இனி வர முடியாது என்றேன். "முழங்கால்தானே அத்தை?" என்றாள். ஆமாம் என்றேன். இருபத்தேழு வயதில் இத்தனை விவரம் ஆகாது.

ஜூன் 28, சனி

கம்பெனியின் பழைய பிரிவுத் தலைவர் வீட்டுக் கல்யாணம். மதிய விருந்து. நானும் வரட்டுமா என்றேன். "வேணாம்" என்றார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனார்.

ஒரு மணிக்கு முடியாது என்று தெரியும். மூன்று மணிக்கு ஜன்னலுக்குப் போனேன். பதினெட்டு மாதமாக நிற்காத இடம். அதுக்கப்புறம் மூணு மாசம் — எத்தனையாவது மாதம் இது? எண்ண வரவில்லை. அந்த மேசையில் யார் யார் இருப்பார்கள் என்று தெரியும். ஒருத்தன் கிண்ணத்தைத் தூக்கி, "லுவான் அண்ணே, ஒண்ணே ஒண்ணு, கல்யாணப் பையனுக்காக" என்பான். என் மேல் இருக்கிற கோபத்திலேயே குடித்துவிட்டால்? நான்தானே கொண்டுபோய்த் தள்ளினேன்? நான்தானே?

நான்கரைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கினார். நேராக நடந்து வந்தார். ரொம்ப நேராக. ஒவ்வோர் அடியாக, பார்த்துப் பார்த்து. ஊருக்கே அந்த நடையைச் சொல்லிக்கொடுத்தவள் நான். குடித்திருக்கிறாரா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, விளிம்புவரை மீன் சூப்பு. மூடி சரியாகப் பொருந்தவில்லை.

"பிடி, பிடி. பஸ்ஸுல இருந்து இதத்தான் காவல் காத்துட்டு வரேன்."

வாங்கி வைத்தேன். கிட்டப் போய் மோந்து பார்த்தேன். மறைக்கவில்லை. அவரும் முகத்தை வசதியாகக் காட்டினார். தேநீர், இஞ்சி, மீன்.

"ஊத்திக் குடுத்தாங்களா?"

"பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் கணையத்தப் பத்தி விளக்கமாச் சொன்னேன். பன்னெண்டாவது தடவை யாரும் பக்கத்துல வரல." உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். "முப்பது வருஷத்துல மொத தடவையா மத்தவங்களப் பாத்தேன், மெய்ரோங். நம்ம தலைவர் கதவுப் பிடியோட கைகுலுக்கினாரு. எல்லாருமே நேரா நடக்கறதா நினைச்சிட்டிருக்கானுங்க."

காலுறையைச் சுருட்டி வைத்துவிட்டு, "ஆனா ஒருத்தன் கூட உன் அளவுக்கு நல்லாச் செய்யல" என்றார்.

நான் சூப்பைச் சூடு பண்ணப் போனேன். முகத்தைக் காட்டாமல் இருக்க அது நல்ல வேலை.

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் திடீரென்று, "அந்த வாசல் கட்டம் தப்பு" என்றார்.

"எந்த வாசல்?"

"உன் ஆட்டத்துல. சாவி தேடி முடிச்சதும் நேரா செருப்பு அலமாரி மேல சாயற. நான் அப்படிச் செய்ய மாட்டேன். மொதல்ல உன் பேரைச் சொல்லுவேன். அதுக்கப்புறந்தான் சாய்வேன்."

"நீ சொன்னதே இல்ல."

"சொன்னேன். ஒவ்வொரு தடவையும். நீ உள்ள பாத்திரத்தப் போட்டு உடைச்சிட்டிருந்தா எங்க கேக்கும்?"

ஒரு மணி நேரம் சண்டை. நல்ல சண்டை. கடைசியில் எழுந்து நின்று நடந்தே காட்டினார், வாசலிலிருந்து அலமாரிவரை. தோள் பின்தங்குவது எனக்கு வருவதைவிடச் சரியாக இருந்தது; அதை ஒப்புக்கொள்ளவில்லை. பேரைச் சொல்லும்போது மட்டும் குரல் நடிப்பாக இல்லை.

சொல்லியிருப்பாரோ? பாத்திரம் உடைத்தது உண்மைதான்.

ஜூலை 5, சனி

வகுப்புக்குப் போனேன். "முழங்கால் எப்படி?" என்று டீச்சர் கேட்டாள். "மன்னிச்சிருச்சு" என்றேன்.

செப்டம்பர் 20, சனி

கடற்கரைச் சதுக்கத்தில் வட்டாரப் போட்டி. என் பிரிவில் ஐந்து பேர், நான் நான்காவது. ஐந்தாவது அம்மா பாதியில் காலணி கழன்று நின்றுவிட்டார் என்பதை லுவான் இதுவரை மூன்று முறை நினைவுபடுத்திவிட்டார். விழ வேண்டிய இடத்தில் சுத்தமாக விழுந்தேன். அலமாரி மேல் சாய்வதற்கு முன்னால், அவர் என் பேரைச் சொல்கிற இடத்தில், ஒரு நொடி நின்றேன். நடுவர்களுக்குக் காரணம் புரியவில்லை, அதற்கு மதிப்பெண் வெட்டியிருப்பார்கள். வெட்டட்டும்.

லுவான் போனில் படம் பிடித்து யாவென்னுக்கு அனுப்பிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. அவளிடமிருந்து பதில் இல்லை.

அக்டோபர் 4, சனி

யாவென் நேற்று வந்தாள். இன்று மதியம் மூவரும் உட்கார்ந்து வஞ்சிர மீன் கொழுக்கட்டை பிடித்தோம். லுவான் பிடித்தது எதுவும் நிற்கவில்லை, எல்லாம் படுத்துவிட்டன. அதைப் பற்றி இரண்டு பெண்களும் பேச வேண்டியதைப் பேசினோம்.

சாப்பிடும்போது யாவென், தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள். "அப்பா, என் பட்டமளிப்பு அன்னிக்குக் குடிச்சிருந்தீங்களா?"

"ஆமா" என்றார்.

"என் ப்ரெண்ட்ஸ் எல்லாரும் பாத்தாங்க."

"யாருக்கும் தெரியாதபடி நடந்துகிட்டேன்னு நினைச்சேன். தப்பா நினைச்சேன். அன்னிக்கு நீ எங்க கூட வராம எங்க போன?"

"பாத்ரூம்ல இருந்தேன். எல்லாரும் போற வரைக்கும்."

அவர் கிண்ணத்தை வைத்தார். காரணம் சொல்லவில்லை, கம்பெனியைச் சொல்லவில்லை, வியாபாரியைச் சொல்லவில்லை. "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் இன்னொன்றும் சொன்னாள், அதற்குப் பிறகு இன்னொன்றும். சிலது எனக்கே தெரியாதவை. கொழுக்கட்டை ஆறிப்போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

நான்கு மணி ரயிலுக்குக் கிளம்ப வேண்டியவள் மூன்றரைக்குப் போனை எடுத்து ஏதோ தட்டினாள். "டிக்கெட்ட திங்கட்கிழமைக்கு மாத்திட்டேன்மா" என்றாள்.

மீன் தீர்ந்துவிட்டது. காலையில் சீக்கிரம் சந்தைக்குப் போக வேண்டும்.