கொதிக்க வைத்த கடல், வைக்காத கடல்

என் லூர்து அண்ணிக்கு,

உங்கள் போத்தல் பச்சையாக இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

லிந்துலையில் மழை. அண்ணன் மறுபடி வேலைக்குப் போகிறார். சோறு அவரேதான் ஆக்குகிறார். உப்பு மட்டும் இன்னும் கைக்குப் பிடிபடவில்லை.

தலவில் கடற்கரையில் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு நீங்கள் லொறி ஏறிய அன்று, படிப்புக்குக் கடல் தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மிதக்கின்றன, அவற்றை அண்டி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, ஒன்றுக்கொன்று எதைக் கொடுத்து எதை வாங்குகின்றன என்று பார்க்கப் போகிறேன் என்றேன்.

"ஏன் தம்பி, கடலப் படிக்கிறதுக்கு மலையிலயா காலேஜி கட்டி வச்சிருக்காங்க?"

நீங்கள் இப்படிக் கேட்டதும் லொறியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

திரும்பி வந்து பெரிய போத்தலை நீட்டினீர்கள். "கெட்டுப் போயிடக் கூடாதுன்னு நல்லாக் கொதிக்க வச்சு, துணியில வடிச்சிக் கொண்டாந்திருக்கேன்." தோட்டத்து லய வீடுகளில் காய்ச்சல் பரவிய வருஷத்திலிருந்து கொதிக்காத தண்ணீரை நீங்கள் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் விட்டதில்லை. கடலுக்கும் அதே சட்டம். நான் என்ன சொல்ல? ரொம்ப நல்லது அண்ணி என்றேன். நுண்நோக்கியில் பார்த்தேன். அசைவது எதுவும் இல்லை.

அடுத்த மழைக்கு அந்தக் காய்ச்சல் உங்களிடமே வந்தது. அவ்வளவு தண்ணீர் கொதிக்க வைத்தும்.

உங்கள் அடக்கம் முடிந்து வந்தபோதுதான் கண்டேன். ஜன்னலோரம், அன்னம்மாள் படத்துக்குக் கீழே, ஒரு சின்ன மருந்துப் போத்தல். உள்ளே பச்சை.

"அதுவும் அந்தக் கடல்தான்," என்றார் அண்ணன். "வீட்டுக்குத் தெளிக்கன்னு தனியா வச்சா. இதக் கொதிக்க வைக்கலையாடின்னு கேட்டேன். அன்னம்மாளுக்கு வச்ச தண்ணிய யாராச்சும் கொதிக்க வைப்பாங்களான்னு என்னையத் திட்டுனா."

எனக்கு அது வேண்டும் என்றேன். அவர் போத்தலை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"கொண்டு போ. ஆனா திரும்பி வரணும். இப்பிடியே, பச்சையா. செத்துப் போனத எங்கிட்ட கொண்டாராத."

பாசியைப் பாக்டீரியாக்களிடமிருந்து முதலில் பிரித்தெடு என்றார் பேராசிரியர். ஒரு சொட்டு எடுத்தேன். கழுவினேன். பாக்டீரியாக்களைக் கொல்லப் பென்சிலின் இட்டேன். சுத்தமான பாசி. பார்க்க அழகு. ஆனால் புதுச் சோதனைக் குழாய்க்கு மாற்ற மாற்ற வெளுத்தது. தனியாக விட்டால் வாழத் தெரியவில்லை அதற்கு.

இதற்குள் உங்கள் மருந்துப் போத்தலும் பழுப்பாகத் தொடங்கியது. கிழடான பாசியை, கூடவே வாழ்ந்த பாக்டீரியாக்கள் கரைத்துத் தின்றுகொண்டிருந்தன. இங்கே தனிமையில் சாகிறது. அங்கே துணையோடு சாகிறது. அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கடைசியில் ஒன்று செய்து பார்த்தேன். உங்கள் போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஒரு பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தேன். வெளுத்த பாசியில் சில சொட்டுகள் விட்டேன். சில நாளில் பச்சை திரும்பியது.

யோசித்துப் பாருங்கள் அண்ணி. அந்தச் சொட்டுகளில் உயிர் எதுவும் இல்லை. உயிர்கள் செய்து விட்டுப்போனது ஏதோ இருந்தது.

அது ஒரு விட்டமினாக இருக்கலாம் என்கிறார் பேராசிரியர். பாசிக்கு அதைச் செய்துகொள்ளத் தெரியாது, பாக்டீரியா செய்யும். பதிலுக்குப் பாசி கசியவிடும் சர்க்கரையை அது உண்ணும். அவ்வளவுதானா? அப்படியென்றால், ஊட்டியதே ஏன் பிறகு கொல்கிறது? பாசி கிழடாகிவிட்டதென்று யார் போய் அதனிடம் சொல்கிறார்கள்? அந்தச் செய்தியும் தண்ணீரில் கரைந்த ஏதோ ஒன்றுதானா? பெயர் இல்லாத பொருள்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தூக்கத்திலும்.

இன்னொன்று. தேறிய பாசிக்குப் புதுக் கடல் தேவைப்பட்டது. வேறு எந்த உயிரும் இல்லாத, சுத்தமான கடல். மலையில் எங்கே போவேன்? அலுமாரியில் உங்கள் பெரிய போத்தல் இருந்தது. கொதிக்க வைத்து, துணியில் வடித்து, தயாராக.

மருந்துப் போத்தலின் பழைய நீரில் பாதியைக் கொட்டினேன். அதில் கொதித்த கடலையும் தேறிய பாசியையும் சேர்த்தேன். மீதியிருந்த பாக்டீரியாக்களை அப்படியே விட்டேன். இளம் பாசிக்கு ஊட்ட அவை வேண்டும்.

போன ஞாயிறு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப, அவ கொதிக்க வச்சது தப்பில்லையாடா?"

"இல்லண்ணே."

"கொதிக்க வைக்காததும்?"

"அதுவும் இல்ல."

"ரெண்டு பக்கமும் அவளே ஜெயிச்சா நான் எங்க போறது," என்றார். சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இந்தப் பச்சையும் கிழடாகும். அதனால் இந்தத் திருவிழாவுக்கு நானும் அண்ணனும் போகிறோம். கடலை நான் முதன்முதலாகப் பார்க்கப்போகிறேன். சிரிக்காதீர்கள். இரண்டு போத்தல்கள் எடுத்துப் போவோம். ஒன்றைக் கொதிக்க வைப்பேன். மற்றதை ஜன்னலோரம் அன்னம்மாளிடம் அப்படியே விட்டுவிடுவேன்.

என்றும் உங்கள் கொழுந்தன்,
சேவியர்