உள்ளான் கூடுகள் இருக்கையில் மதகைத் திறந்தது குறித்து

அனுப்புநர்:
மதகுப் பணியாளர் (பணியிடை நீக்கத்தில் உள்ளவர்),
பறவைகள் சரணாலயம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
ஈரநிலப் பாதுகாப்புத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஏரியில் நாற்பத்தொரு கூடுகள் மூழ்கியது – என் மீதான குறிப்பாணையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வரத்துக் கால்வாயின் மதகுச் சக்கரத்தை இருபத்திரண்டு வருடமாகத் திருப்பி வருபவன் நான். சேற்றுத் திட்டில் நெடுங்கால் உள்ளான்கள் முட்டையிட்டால், குஞ்சு பொரிக்கும்வரை ஏரியில் தண்ணீரை ஒரு விரல்கூட ஏற்றக் கூடாது. எங்கள் அலுவலகச் சுவரிலேயே இதைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். இந்த வருடம் நாற்பத்தொரு கூடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடையாளக் குச்சி நட்டவன் நான்தான்.

2. புதிய பார்வைக் கோபுரத்தின் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பொறுப்பு அலுவலர் போனில் அழைத்தார். "வெறும் சேத்தைப் பார்க்கவாண்ணே பெரிய மனுஷங்க வர்றாங்க? மதகைத் தொறந்து விடுங்க" என்றார். ஒரு வாரம் பொறுக்கும்படி கெஞ்சினேன். "நீங்க என்ன, பறவைக்கா வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும், ஐயா. ஆனால் போய்த் திறந்தேன்.

3. விழாவன்று, முட்டைகளைப் பறிகொடுத்த பறவைகள் மொத்தமாக மேலெழும்பி வட்டமடித்துக் கதறின. கோபுரத்தில் நின்ற விருந்தினர்கள் பைனாகுலரை இறக்கிவிட்டுக் கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத்தான் இப்போது நுழைவுச் சீட்டில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அழகான படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

4. கரை ஒதுங்கிய முட்டைகளைக் கண்ட பார்வையாளர் ஒருவர் புகார் எழுதினார். உடனே, மதகை மூட நான் மறந்துவிட்டதாகக் குறிப்பாணை வந்தது. திறக்கச் சொன்ன உத்தரவு எழுத்தில் உள்ளதா என்கிறார்கள். போனில் அதட்டியதை எந்தக் கோப்பில் போய்த் தேடுவேன்?

5. 'கவனக்குறைவு' என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மறுநாளே வேலையில் சேரலாமாம். "போட்டுத் தொலைங்களேன், ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்று என் மனைவி அழுகிறாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம் மடித்துத் திரும்ப வைத்துவிடுகிறேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் மதகை மறந்ததில்லை.

ஆகவே, குறிப்பாணையில் 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'கூடுகள் இருப்பது தெரிந்தே திறந்தான்' என்று எழுதுமாறு வேண்டுகிறேன். திறக்கச் சொன்னவர் யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதற்கு வேலையே போனாலும் சரி, அந்தத் தாளில் நான் கையெழுத்திடுகிறேன்.

நாள்: 14.06
இடம்: சரணாலய வெளிவாசல்

தங்களுக்குக் கீழ்ப்படிந்து கெட்ட,
(கையொப்பம்)
மதகுப் பணியாளர்