கிழங்கு உரிப்பதைப் பார்க்க வரும் ஜூனியர்

கல்கத்தா
செப்டம்பர் 1987

அன்புள்ள பவுலினுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். உன் இருமல் நின்றதா?

மரவள்ளித் தோலுரிக்கும் மெஷினின் காப்புரிமை அப்பீலில், 'கத்தி' என்ற சொல்லில் கம்பி பிரஷும் அடங்குமா என்று வாதம் நடக்கிறது. நீ கிழங்கு உரிப்பதை வக்கீலுக்கு நடித்துக் காட்டியவன் நான். நேரில் பார்த்து வர அவர் சின்னசேலத்துக்கு அனுப்புவதோ ஜூனியர் தத்தாவை! டைப்பிஸ்டான எனக்கு லீவு கிடையாதாம். "எப்ப வூட்டுக்கு வருவீங்க?" என்று நீ என்னைக் கேட்டாய், அவன் வருகிறான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாமே. அவன் திரும்பிப் போகும்வரை அப்படியே கிடக்கட்டும். மீறி வந்துவிட்டால், எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை.

நீ இடது கைக்காரி என்று இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்; அவனுக்கு வலது கையாலேயே உரித்துக் காட்டு.

தபால் பெட்டி திறக்க வந்துவிட்டார்கள்.

உன்
சவரிமுத்து