மான் தின்ற வேலி

அண்ணை,

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன கிழமை நான் ஒரு எலி வாங்கிவிட்டேன். காசு கொடுத்து.

நடந்தது இதுதான். கார் வழக்கம்போலக் கராஜில். ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். கார்த்திகைக் குளிர் காதைக் கடித்தது. பக்கத்துப் பிளாசாவில் முதலில் கண்ட கதவைத் திறந்து உள்ளே போய்விட்டேன். அது செல்லப்பிராணிகள் விற்கும் கடை. வாசலோரம் கூடுகளுக்குள் பரப்புகிற மரச்சீவல், பை பையாக அடுக்கியிருந்தது. ஒரு பை கிழிந்திருந்தது. அந்த மணம்! நாலு பேர் பார்க்கிற இடம் என்பதையும் மறந்து, பைக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தபடி நின்றேன். "ஐயா, உங்களிடம் என்ன பிராணி இருக்கிறது?" என்று கடைப் பெண் கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா மணந்து பார்த்தேன் என்று சொல்ல என் நரைத்த மீசை விடவில்லை. "இனித்தான் வாங்கவேண்டும்" என்றேன். கொஞ்ச நேரத்தில் ஹாம்ஸ்ரர் என்கிற வளர்ப்பு எலி ஒன்று, அதற்கொரு கூடு, அது ஏறி ஓடுவதற்குச் சுழலுகிற ஒரு சில்லு, அந்தக் கிழிந்த பை எல்லாவற்றோடும் பஸ் ஏறினேன்.

"இஞ்சேரப்பா, ஊரில எலிக்கு நஞ்சு வாங்கின சனத்தைக் கண்டிருக்கிறன். எலியையே காசு குடுத்து வாங்கின முதல் ஆள் நீங்கள்தான்" என்றாள் மனைவி. இரண்டு நாளில் செய்தி எங்கள் கட்டடத்தின் அத்தனை மாடிக்கும் ஏறி இறங்கிவிட்டது. ஆறாம் மாடி அன்ரி எலிவேற்றரில் என்னைக் கண்டதும் "சுகமாய் இருக்கோ?" என்று கேட்டார். என்னையல்ல, எலியை.

ஆனால் அண்ணை, அது சீடார் மரத்தின் மணம். உங்கள் பச்சை ஜக்கெற்றின் மணம். பங்குனியில் நீங்கள் போனபிறகு அந்த மணம் என் மூக்கில் பட்டதே இல்லை. நான் என்ன செய்ய?

இப்போது அந்த எலி சில்லில் ஏறி ஓடுகிறது. எங்கும் போய்ச் சேராமல், ஆனால் நிற்கவும் மாட்டாமல். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உங்கள் நினைவுதான். கோபிக்காதீர்கள். நீங்கள் ஓரிடத்தில் இருக்கமாட்டாத மனிதர். கதிரையில் இருந்தால் கால் ஆடும். கால் நின்றால் கை எதையாவது நேராக்கும். எங்கள் கட்டடத்திலேயே இருந்த உங்கள் வீட்டுப் பல்கனியை மூங்கில் தட்டியால் அடைத்து, கட்டடப் பொறுப்பாளரிடம் பேச்சு வாங்கினீர்கள். வாசலுக்கு வெளியே, எல்லோரும் நடக்கிற இடத்தில், செருப்புகளை வரிசையாக வைத்து எல்லை போட்டீர்கள். ஊரில் எல்லை வேலியில் நட்ட ஒரு பூவரசங் கதியால் தடி அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று உங்கள் அப்பா தொடங்கிய வழக்கை நீங்களும் விடாமல் நடத்தினீர்கள் என்று மூன்றாம் மாடியில் ஒரு கதை உண்டு. அந்த வழக்கால், உங்களுக்கு வாதாடிய அப்புக்காத்து மாடிவீடு கட்டினார் என்பது நான் சேர்த்தது.

ஒஷாவாவில் நீங்கள் வேலை செய்த தொழிற்சாலையில் றோய் என்றொரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். உங்களிடம் ஆங்கிலம் ஒரு கைப்பிடி, அவரிடம் பொறுமை ஒரு சாக்கு. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சிநேகிதம் அறவில்லை. வடக்கே அவருக்கு ஒரு காட்டுக்காணி. முன்பு மாடு மேய்ந்த வெளியாம். மாடு போனபின் சீடார் வந்து மூடிவிட்டது. அகராதி அதைத் தேவதாரு என்கிறது. தேவர்கள் யாரும் அந்தப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை, கடிக்கிற நுளம்புதான் வந்தது. ஆண்டுதோறும் கார்த்திகையில் றோயும் மருமக்களும் அங்கே மான் வேட்டைக்குப் போவார்கள். பரணில் ஏறி இருந்தால் மான் நடக்கிற சத்தம் கேட்கும், மான் தெரியாது. அவ்வளவு அடர்த்தி. "வெளியைத் திறந்து தா" என்று உங்களைத்தான் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை என் கதவைத் தட்டினீர்கள்.

"எடேய், காட்டுக்கு வாறியே?"

"காட்டுக்குப் பயந்துதானே அண்ணை கனடாவுக்கு வந்தனான்."

"உன்னை ஆர் கேட்டது? உன்ர காரைத்தான் கேட்டனான். நீ திறப்போட ஒட்டிக்கொண்டு வாறாய்."

அப்படித்தான் ஒட்டிக்கொண்டு வந்தேன். சீடார் ஒரு விசர் மரம், அண்ணை. மேலே பச்சையாகப் பணிவாக நிற்கும். கீழே காய்ந்த கொப்புகள் ஈட்டிபோல நீட்டிக்கொண்டு, உள்ளே போனவனின் சட்டையைப் பிடித்து விசாரிக்கும். றோய் இயந்திர வாளால் அடியில் அறுப்பார். நீங்கள் கைவாளால் கொப்புக் கழிப்பீர்கள். நான் கொப்புகளை இழுத்துக் குவிப்பேன். மிச்ச நேரத்தில் ஆலோசனை சொல்வேன். பிசின் உங்கள் பச்சை ஜக்கெற்றில் ஒட்டி, என் கையில் ஒட்டி, கையிலிருந்து கார் ஸ்ரியரிங்கில் ஒட்டி, வீட்டுக்கு வந்தபின் தேத்தண்ணிக் கோப்பையிலும் ஒட்டியது. மத்தியானம் நாங்கள் புட்டும் சம்பலும் பிரிப்போம். ஒருநாள் றோய் சம்பலை ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, எழுந்து, உழவு இயந்திரத்தை இரண்டு தரம் சுற்றி நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நல்லது" என்றார். கண்ணில் தண்ணீர்.

கொப்புகளைக் குவித்து வையுங்கள், பனி விழுந்தபின் எரிக்கலாம் என்று சொல்லிவிட்டு, அவர் விடுமுறைக்கு மகள் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நான் இழுத்து இழுத்துப் போடுகிறேன், குவியல் வளரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வெளியின் அந்தக் கரையில் நூல் பிடித்து, ஒரே இடைவெளியில் தடிகள் நட்டு, கொப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, இலையை வெளிப்பக்கம் திருப்பி விட்டு...

"அண்ணை, உதென்ன?"

"கண் தெரியேல்லையே? வேலி."

"மனுசன் பார்வை வேணுமெண்டுதானே மரத்தை வெட்டுவிக்கிறான். நீங்கள் வெட்டின கையோட மறைக்கிறியள்."

"மறைப்பில்லாத வளவும் ஒரு வளவே? குளிச்சுப்போட்டுத் துவாய் இல்லாமல் நிக்கிற மாதிரிக் கிடக்கு."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, நானும் ஒரு தடியை எடுத்து நிலத்தில் அடித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் வீட்டில் இருக்க என்னாலும் முடியவில்லை. ஊரிலிருந்து தொலைபேசி வராது. நாங்கள் எடுத்தாலும் விழாது. யாழ்ப்பாணத்துச் சனம் சண்டைக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு தெருவில் நடக்கிறது என்று வானொலி சொல்லும். சமையலறையில் ஒரு வானொலி, படுக்கையறையில் ஒரு வானொலி, இரண்டும் ஒரே செய்தி. கை வேலையாக இருந்தால் காது சும்மா இருக்கும் என்று கண்டுகொண்டோம். நெஞ்சளவு உயரத்தில் வேலி ஓடியது. உள்ளே வர ஒரு படலைக் கதவும் வைத்தீர்கள். அந்தக் காட்டுக்குள் யார் படலை திறந்து வரப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் அதைத் திறந்து, மூடி, திரும்பவும் திறந்து பார்த்த முகத்தைக் கண்டபின் கேட்க வாய் வரவில்லை.

றோய் திரும்பி வந்தார். இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது எதை உள்ளே விடாமல் இருக்க?" என்று கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "எல்லாத்தையும் எண்டு சொல்லு."

நான் "காற்றை" என்று மொழிபெயர்த்தேன்.

கிழவர் வேலிக்குப் பின்னால் போய்க் குந்தினார். இரண்டு விரலால் இலையை விலக்கி எட்டிப் பார்த்தார். பிறகு கைத்தடியை வேட்டைத் துவக்குப்போலப் பிடித்து, அந்த இடுக்கால் எங்கள் பக்கம் நீட்டினார். "இதைவிட நல்ல மறைவிடம் உலகத்திலேயே இல்லை! இந்த வருடம் நாங்கள் பரண் ஏற மாட்டோம்!" என்று கத்தினார். வந்து உங்கள் முதுகில் தட்டினார். சின்னப்பிள்ளைபோல மகிழ்ச்சி அவருக்கு.

நீங்கள் சிரிக்கவில்லை. காரில் ஏறினோம். ஒஷாவா வந்து சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாய் திறந்தீர்கள்.

"ஊரில, வேலிக்கரையில பல்லு மினுக்கிக்கொண்டு நிண்டனான். வேலிக்குள்ளால ஒரு குழாய் நீண்டுது. முதல்ல ஓணான் எண்டுதான் நினைச்சன். என்ர தம்பி கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டவன்."

யாருடைய துவக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பல விடைகள் உண்டு, கேட்டவனுக்கும் ஒரு விடை கிடைக்கும். பச்சை விழுந்தது தெரியாமல் நின்றேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"எடு, எடு. சனம் பேசுது" என்றீர்கள்.

பிறகு வந்த நாட்களில் நீங்கள் பட்டபாட்டைக் கட்டடமே பார்த்தது. எலிவேற்றர் இருக்கப் படியால் ஏறி இறங்கினீர்கள். சலவை அறையில் தோய்க்க உடுப்பே இல்லாமல் போய் நின்றீர்கள். "அண்ணைக்குச் சீனி வருத்தமோ?" என்று ஆறாம் மாடி அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். வேட்டை தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் வந்து நின்றீர்கள்.

"திறப்பை எடு. வேலியைப் பிடுங்கவேணும்."

"றோயிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டு..."

"கேட்டால் வேண்டாமெண்டுவான். பேந்து சொல்லுக் கேளாமல் பிடுங்கினதாய்ப் போயிடும். கேளாட்டில் சும்மா பிடுங்கினதுதானே."

இந்த நியாயத்தைக் கேட்டபின் அந்த அப்புக்காத்துமீது எனக்கு இரக்கம் வந்தது.

காணியில் இறங்கிப் பார்த்தால், அண்ணை, ஏழெட்டு மான். கலியாணவீட்டுப் பந்தியில் இருந்ததுபோல வரிசையாக நின்று வேலியைத் தின்றுகொண்டிருந்தன. ஒரு பெண்மான் படலைக்கு மேலால் தலையை விட்டு, அந்தப் பக்கத்து இலையை ஆறுதலாகக் கடித்தது. பிடுங்க வந்த மனிதர் நீங்கள். ஆனால் கண்டதும் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

"சூய்! சூய்! ஊரில ஆடு, இஞ்ச நீங்களோ! போ அங்கால!"

தகர வாளியைத் தட்டிக்கொண்டு ஓடினீர்கள். மான்கள் ஓடவில்லை. எங்கள் கட்டடப் பொறுப்பாளர் உங்களைப் பார்க்கிற அதே பார்வை பார்த்தன. மெல்ல, வெள்ளை வாலை நிமிர்த்திக்கொண்டு, காட்டுக்குள் போயின. நான் காரின் மறுபக்கத்தில் பாதுகாப்பாக நின்று உங்களுக்கு உற்சாகம் கொடுத்தேன்.

பிறகு நீங்கள் குனிந்து கொப்புகளைப் பொறுக்கி, மான் தின்ற ஓட்டைப் பொட்டுகளை அடைக்கத் தொடங்கினீர்கள்.

"அண்ணை, நாங்கள் பிடுங்க வந்தனாங்கள்."

"தெரியும். இந்த ஒரு பொட்டை மட்டும்..."

"அடைச்சுப்போட்டுப் பிடுங்கப் போறியளோ?"

கொப்பும் கையுமாக நின்றீர்கள். பிறகு ஈர நிலத்தில் அப்படியே இருந்துவிட்டீர்கள். கால் ஆடவில்லை. கை எதையும் நேராக்கவில்லை. உங்களை அசையாமல் நான் கண்டது அன்றைக்கு ஒருநாள்தான். பயந்துபோனேன்.

"மான் சாகட்டும், சாகாமல் விடட்டும், அது அவையின்ர பாடு" என்றீர்கள். "நான் கட்டின வேலிக்குள்ளால இன்னொருக்கால் துவக்கு நீளக் கூடாது. அவ்வளவுதான்ரா."

எழுந்து முதல் தடியை நீங்களே பிடுங்கினீர்கள். இரண்டாவதை நான். நட்டது எவ்வளவு உறுதி என்று பிடுங்கும்போதுதான் தெரிந்தது. இருட்டுவதற்குள் முடித்து, தடிகளை ஒரு பக்கம் அடுக்கி, கொப்புகளை றோய் முதலில் கேட்டபடியே குவித்துவிட்டு வந்தோம். படலையை மட்டும் நீங்கள் குவியலில் போடவில்லை. கொஞ்சத் தூரம் தூக்கிக்கொண்டு போய், ஒரு மரத்தில் சாத்திவிட்டு வந்தீர்கள்.

அடுத்த நாள் றோய் தொலைபேசியில் கேட்டார், வேலி எங்கே என்று. "மான் திண்டிட்டுது எண்டு சொல்லு" என்று பக்கத்தில் நின்று கிசுகிசுத்தீர்கள். சொன்னேன். கிழவர், "தடிகளைப் பிடுங்கி அளவுப்படி அடுக்கி வைத்ததும் மான்தானா?" என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றீர்கள்.

"மானுக்கு நன்றி சொல்லட்டாம்."

அந்தமுறை மூத்த மருமகன் பரணில் இருந்தே ஒரு மான் சுட்டான். பார்வை நன்றாக இருந்ததாம். உங்களிடம் சொன்னேன். "ம்" என்றீர்கள். அடுத்த வருடம் றோய் கூப்பிட்டபோதும் போனோம், மரம் வெட்டினோம், குவித்தோம். வேலி மட்டும் நீங்கள் அடைக்கவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றியிருந்த திரைச்சீலையை, பக்கத்துக் கட்டில்காரர் பக்கமாக ஒரு சாண் தள்ளிவிடும்படி நேர்ஸைக் கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். "காற்றுக்கு" என்று மொழிபெயர்த்தேன். செத்தவீட்டுக்கு றோய் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். உங்கள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலி உறுதியா என்று பார்க்கிறவர்போல ஒருமுறை மெல்ல அழுத்தினார்.

எனக்கு இப்போது ஒரு வியாதி. மனைவி ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் புதுவீடு பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போகிறாள். விற்கிறவர் குசினியைக் காட்டுகிறார், நான் நேரே பின்வளவுக்குப் போகிறேன். பலகை வேலியின் இடுக்கில் கண்ணை வைத்து, இதற்குள்ளால் எது நீளும் என்று பார்க்கிறேன். அந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரு நாய் என்னைப் பார்க்கிறது. "உவருக்கு என்ன நடந்தது?" என்று மனைவி சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உங்களுக்கு இருந்த அந்த வருத்தத்தை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டீர்கள், அண்ணை. ஜக்கெற்றைத் தந்திருக்கலாம்.

முந்தாநாள் றோய் பேசினார். முழங்கால் ஏலாதாம், காணியை விற்கிறாராம். வாங்குகிறவர் நில அளவையாளரைக் கூட்டிவந்து அளந்திருக்கிறார். நாங்கள் அந்த இலையுதிர் காலம் முழுவதும் வெட்டித் திறந்த வெளி, அந்தப் பரண், நீங்கள் நூல் பிடித்து வேலி அடைத்த இடம், எல்லாமே பக்கத்துக் காணியாம்.